கழிவு இடமாற்று நிலையம்: யார் யாரிடம் அனுமதி பெற வேண்டும்? மக்கள் எப்போது பேச வேண்டும்?

2017 ஏப்ரல் 14 அன்று மீதொட்டமுல்ல குப்பை மேடு சரிந்து 32 பேர் உயிரிழந்தனர். அதன் பின்னர் கொழும்பின் குப்பையைப் புத்தளம் அருவக்காட்டுக்கு அனுப்பும் திட்டம் வேகம் பெற்றது. களனியில் ஓர் இடமாற்று நிலையம் அமைத்து, குப்பையை அழுத்திக் கொள்கலன்களில் அடைத்து, சுமார் 170 கிலோமீற்றர் தூரம் ரயிலில் கொண்டுசெல்வதே திட்டம். 2018, 2019 காலப்பகுதியில் புத்தளம் மக்கள் இதற்கெதிராக வீதியில் இறங்கிப் போராடியதை நாம் அறிவோம். நாளை எமது ஊரிலும் இப்படி ஒரு நிலையம் வரலாம். எனவே அனுமதி நடைமுறையை முன்கூட்டியே தெரிந்திருப்பது அவசியம்.

இடமாற்று நிலையம் என்பது என்ன?

வீடு வீடாகச் சேகரிக்கும் சிறிய வாகனங்கள் குப்பையைக் கொட்ட, அது பெரிய வாகனங்களுக்கு அல்லது கொள்கலன்களுக்கு மாற்றப்படும் இடம் இது. குப்பை இங்கு புதைக்கப்படுவதில்லை. ஆனாலும் துர்நாற்றம், கழிவு நீர், ஈ, காகம், வாகன நெரிசல் ஆகியவை அயலவரைப் பாதிக்கும்.

பெற வேண்டிய அனுமதிகள்

1. சுற்றாடல் அங்கீகாரம்: 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்க தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ், 1993 ஜூன் மாத வர்த்தமானியில் பட்டியலிடப்பட்ட திட்டங்களுக்கு முன் அங்கீகாரம் தேவை. நாளொன்றுக்கு 100 தொன்னுக்கு மேற்பட்ட திண்மக் கழிவுத் திட்டங்கள் இதில் அடங்கும். வெள்ளப் பாதுகாப்புப் பகுதி போன்ற உணர்திறன்மிக்க இடங்களில், பட்டியலில் உள்ள வகைத் திட்டங்களுக்கு அளவு எதுவானாலும் அங்கீகாரம் வேண்டும். பாரிய திட்டத்துக்கு சுற்றாடல் தாக்க மதிப்பீடும், தாக்கம் குறைந்ததற்கு ஆரம்ப சுற்றாடல் பரிசோதனையும் கோரப்படும். திட்டத்தை முன்வைக்கும் நிறுவனமே தனது திட்டத்துக்கு அங்கீகாரம் வழங்க முடியாது.

2. சுற்றாடல் பாதுகாப்பு அனுமதிப்பத்திரம்: நிலையம் இயங்கும்போது வெளியேறும் கழிவுகளைக் கட்டுப்படுத்துவது இது. செயற்பாட்டின் வகையைப் பொறுத்து மத்திய சுற்றாடல் அதிகார சபை அல்லது உள்ளூராட்சி மன்றம் வழங்கும். காலத்துக்குக் காலம் புதுப்பிக்க வேண்டும். நிபந்தனையை மீறினால் இரத்துச் செய்யவும் முடியும்.

3. காணி மற்றும் கட்டட அனுமதி: பிரகடனப்படுத்தப்பட்ட பகுதியில் நகர அபிவிருத்தி அதிகார சபைச் சட்டத்தின் கீழ் அபிவிருத்தி அனுமதி பெற வேண்டும். ஏனைய இடங்களில் உள்ளூராட்சி மன்றத்தின் கட்டட அனுமதி தேவை.

4. இடத்தைப் பொறுத்த அனுமதிகள்: தேசிய ஒதுக்கிடத்தின் எல்லையிலிருந்து ஒரு மைலுக்குள் அமைந்தால் வனஜீவராசிகள் திணைக்களத்தின் அனுமதியும், கரையோர வலயத்தில் அமைந்தால் கரையோரப் பாதுகாப்புத் திணைக்களத்தின் அனுமதியும் தேவை. ரயிலில் ஏற்றுவதானால் ரயில்வே திணைக்களமும் இணங்க வேண்டும்.

மக்களுக்கான வாசல்

சுற்றாடல் தாக்க மதிப்பீட்டு அறிக்கை தயாரானதும் வர்த்தமானியிலும், சிங்களம், தமிழ், ஆங்கிலம் ஆகிய மொழிகளில் ஒவ்வொரு பத்திரிகையிலும் அறிவித்தல் வெளியிட வேண்டும். அதன்பின் 30 நாட்களுக்குள் எவரும் எழுத்துமூலம் கருத்துத் தெரிவிக்கலாம். அக்கருத்துகளுக்குத் திட்ட முன்மொழிவாளர் எழுத்தில் பதிலளிக்க வேண்டும். ஆரம்ப சுற்றாடல் பரிசோதனைக்கு இந்தக் கட்டாயக் கருத்துக் காலம் இல்லை. ஆனால் அந்த அறிக்கை ஒரு பொது ஆவணம், கேட்டுப் பெறலாம்.

அனுமதி மறுக்கப்பட்டால் மேன்முறையீடு செய்யும் உரிமையைச் சட்டம் திட்ட முன்மொழிவாளருக்கே தருகிறது. அனுமதி வழங்கப்பட்ட பின் அயலவருக்கு எஞ்சுவது நீதிமன்றமே. மேன்முறையீட்டு நீதிமன்றத்தில் எழுத்தாணை கோரலாம். அடிப்படை உரிமை மீறல் எனில் ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றம் செல்ல வேண்டும். செலவும் அலைச்சலும் மிக்க வழி இது.

ஆகவே 30 நாள் கடந்த பின் எழுப்பும் குரலை விட, அதற்குள் கொடுக்கும் ஒரு கடிதம் வலிமையானது. "எங்களுக்கு வேண்டாம்" என்று மட்டும் எழுதாமல், நிலையத்திலிருந்து பாடசாலை, பள்ளிவாசல், கிணறு எவ்வளவு தூரம், மழைக் காலத்தில் தண்ணீர் எப்பக்கம் ஓடுகிறது, லொறிகள் எந்த வீதியால் வரும் என்று குறிப்பிடுங்கள். அனுமதிப் பிரதிகள் தேவையெனில், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் விண்ணப்பியுங்கள். 14 வேலை நாட்களுக்குள் தீர்மானம் தரப்பட வேண்டும். மஹல்லா ஒன்றில் ஒருவராவது வர்த்தமானியையும் பத்திரிகை அறிவித்தல்களையும் தொடர்ந்து கவனித்து வந்தால் ஊரே பயனடையும்.