வயாகராவுக்கு முன்பே எழுதப்பட்ட எச்சரிக்கை

விறைப்புக் குறைபாட்டுக்கான சில்டெனாஃபில் (வயாகரா) மாத்திரை 1998 மார்ச் 27 அன்று அமெரிக்காவில் அனுமதி பெற்றபோதே, அதன் மருந்துக் குறிப்பில் எரித்ரோமைசின் இடம்பெற்றிருந்தது. அந்த ஆன்டிபயாட்டிக்கை இருவேளை 500 மில்லிகிராம் வீதம் ஐந்து நாள் கொடுத்த பிறகு 100 மில்லிகிராம் சில்டெனாஃபில் கொடுத்துப் பார்த்தார்கள். இரத்தத்தில் சேர்ந்த மாத்திரையின் மொத்த அளவு 182 சதவீதம் கூடியது. ஏறக்குறைய மூன்று மடங்கு. கடைக்கு வருமுன்பே ஒரு மருந்தை இன்னொன்றோடு சேர்த்துச் சோதித்துவிடும் இந்தக் கண்டிப்புக்குப் பின்னால், தும்மலுக்கும் மூக்கொழுகலுக்கும் மாத்திரை போட்டு இறந்துபோனவர்கள் இருக்கிறார்கள்.

அந்த மாத்திரை டெர்ஃபெனடின். தூக்கக் கலக்கம் தராத ஒவ்வாமை மருந்தாக 1985இல் அமெரிக்காவுக்கு வந்தது. குடலிலும் கல்லீரலிலும் உள்ள சிஒய்பி3ஏ4 என்ற நொதி அதை உடனுக்குடன் மாற்றிவிடும். மாறிய பொருள்தான் ஒவ்வாமையைத் தணிக்கும். பூஞ்சைத் தொற்றுக்கான கீட்டோகொனசோலோ எரித்ரோமைசினோ அந்த நொதியை முடக்கினால், மாறாத டெர்ஃபெனடின் இரத்தத்தில் தேங்கி இதயத் துடிப்பைக் குலைத்துவிடும். கீட்டோகொனசோலும் சேர்த்து உட்கொண்ட 39 வயதுப் பெண்ணைப் பற்றிய அறிக்கை 1990இல் வெளியானது. 1992இல் கட்டமிட்ட எச்சரிக்கை அச்சிட்டார்கள். அதன் பிறகும் இரண்டையும் சேர்த்து எழுதித்தருவது குறைந்ததே தவிர நிற்கவில்லை. 1998இல் மருந்தே விலக்கிக்கொள்ளப்பட்டது. எச்சரிக்கையை அச்சிட்டால் மட்டும் போதாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

சில்டெனாஃபில் டெர்ஃபெனடினைப் போல இதயத் துடிப்பைக் குலைப்பதில்லையே என்று கேட்கலாம். உண்மைதான். ஆனால் அது இரத்தக் குழாய்களை விரிக்கும் மருந்து. அளவு மிஞ்சினால் தலைவலி, பார்வை மாற்றம், இரத்த அழுத்த வீழ்ச்சி ஆகியவையும் மிஞ்சும். நெஞ்சுவலிக்கு நைட்ரேட் எடுப்பவர் அதைத் தொடவே கூடாது. எரித்ரோமைசின் எடுப்பவருக்கு 25 மில்லிகிராமில் தொடங்கச் சொல்லப்படுவதும் இதனால்தான். அப்படியானால் ஆன்டிபயாட்டிக் எல்லாமே ஆபத்தா என்றால், அதுவும் தவறு. எரித்ரோமைசினின் உறவுக்கார மருந்தான அசித்ரோமைசினோடு சோதித்தபோது சில்டெனாஃபில் அளவு மாறவேயில்லை. காசநோய்க்கான ரிஃபாம்பிசினோ நேர் எதிர். அது நொதியைப் பெருக்கி, இதே வகையைச் சேர்ந்த டடலாஃபில் மாத்திரையின் அளவை 88 சதவீதம் குறைத்துவிடும். ஆகவே எந்த ஆன்டிபயாட்டிக் என்பதை மருத்துவர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும்.

அவர் சொல்ல வேண்டுமென்றால் இரண்டு மருந்தும் அவருக்குத் தெரிய வேண்டும். டெர்ஃபெனடினை யாரும் ஒளித்துச் சாப்பிடவில்லை, அப்படியிருந்தும் உயிர்கள் போயின. விறைப்புக் குறைபாட்டு மாத்திரையையோ மனைவியிடம்கூடச் சொல்லாமல் கடையில் வாங்கிக்கொள்பவர்கள் உண்டு. தொண்டைப் புண்ணுக்கு மருந்து எழுதும் மருத்துவர் சர்க்கரை மாத்திரையையும் பிரஷர் மாத்திரையையும் கேட்கிறார். இதைக் கேட்கக் கூச்சப்படுகிறார், நோயாளியும் சொல்லக் கூச்சப்படுகிறார். காசநோய் சிகிச்சையில் இருப்பவர் விறைப்பு மாத்திரை வேலை செய்யவில்லை என்று தானே அளவைக் கூட்டிக்கொண்டால், ரிஃபாம்பிசினை நிறுத்திய இரண்டொரு வாரத்தில் நொதி பழைய நிலைக்குத் திரும்பிவிடும். கூட்டிய அளவு முழுவதும் அப்போது இரத்தத்தில் சேரும்.