சீனன்குடாத் தாங்கிகளும் ஒரு சிறு திருகாணியும்

திருகோணமலைக்காரரைப் பொறுத்தவரை ஆண்டுக்கு இரண்டே பருவங்கள்தான். ஒன்று வாடை, மற்றது கச்சான். ஐப்பசியில் வாடைக்காற்றோடு இறங்கும் மழை தை வரை விட்டுவிட்டுப் பெய்யும். கொட்டியாரக்குடா அந்நாட்களில் சாம்பல் பூசிக் கிடக்கும். வைகாசி பிறந்தால் தென்மேற்கிலிருந்து கச்சான் வரும். கொண்டுவந்த மழையையெல்லாம் மலைநாட்டிலேயே இறக்கிவைத்துவிட்டு, வெறும் வெக்கையை மட்டும் சுமந்துகொண்டு எங்கள் ஊருக்கு வந்து சேரும் காற்று அது.

இந்த இரண்டு காற்றுகளுக்கும் இடையே உட்துறைமுக வீதியோரத்துக் கராஜ் ஒன்றில் ஆண்டுக்கு இருமுறை ஒரு சிறு சடங்கு நடைபெறும். சிறுவனாக இருந்தபோது தந்தையாரின் மோட்டார் சைக்கிளுக்குப் பின்னால் அமர்ந்து சென்று அதனைப் பார்த்திருக்கிறேன். கராஜ்காரர் இயந்திரத்தை இயங்கவிட்டுக் குந்தியிருந்து, காபரேற்றரின் பக்கவாட்டிலுள்ள சிறு திருகாணியைக் கால் சுற்று அங்கும் இங்கும் திருப்புவார். கண் வேறெங்கோ இருக்கும்; காது மட்டும் இயந்திரத்தில் இருக்கும். பிறகு பிளக்கைக் கழற்றி அதன் முனையைப் பார்ப்பார். பால்விட்ட தேநீரின் நிறமென்றால் தலையை ஆட்டுவார். கறுப்பென்றால் பெற்றோல் மிகை; வெளிறியிருந்தால் காற்று மிகை.

இதன் பின்னாலுள்ள விஞ்ஞானம் மிக எளியது. ஒரு பங்கு பெற்றோல் முழுமையாக எரிவதற்கு ஏறத்தாழ 14.7 பங்கு எடையுள்ள காற்று வேண்டும். ஆனால் காபரேற்றருக்கு எடை தெரியாது. கன அளவு மட்டுமே தெரியும். வெப்பநிலை 25 பாகையிலிருந்து 35 பாகைக்கு ஏறும்போது காற்றின் அடர்த்தி 3 வீதத்துக்குச் சற்றுக் கூடுதலாகக் குறைகிறது. கச்சான் வெக்கையில் உள்ளே போவது மெலிந்த காற்று. வரும் பெற்றோலோ ஏறத்தாழ அதே அளவு. ஆகவே கலவை கனக்கிறது. மார்கழிக் காலைக் குளிரில் நிலைமை தலைகீழாகிறது. இதற்கிடையே, காற்றில் ஏறிய ஈரப்பதம் ஒட்சிசனின் இடத்தைப் பிடித்துக்கொண்டு கணக்கை மறுபக்கம் இழுக்கும். இத்தனையையும் தாளில் எழுதித் தீர்ப்பதைவிடக் காதைக் கொடுத்துக் கேட்பதே சுலபம் என்பது அந்தக் கராஜ்காரரின் கட்சி. புதிய வண்டி 3 வீத வேறுபாட்டைப் பொறுத்துக்கொள்ளும்; ஜெற் தேய்ந்த பழைய வண்டி பொறுக்காது. எங்கள் ஊரில் ஓடியவையோ பெரும்பாலும் பழைய வண்டிகள்.

நிற்க, இந்தச் சிறு கருவி எங்கள் துறைமுகத்தின் வரலாற்றில் முன்பே ஒருமுறை தலைகாட்டியிருக்கிறது. 1942 ஏப்ரல் 9ஆந் திகதி காலை, அட்மிரல் நகுமோவின் விமானந்தாங்கிக் கப்பல்களிலிருந்து கிளம்பிய ஜப்பானிய விமானங்கள் திருகோணமலையைத் தாக்கின. சீனன்குடா விமானத்தளத்திலிருந்து அவற்றை எதிர்க்க எழுந்தவை பிரித்தானிய விமானப்படையின் 261ஆவது பிரிவைச் சேர்ந்த ஹரிக்கேன் விமானங்கள். அவற்றின் மேர்லின் இயந்திரம் காபரேற்றரை நம்பியது. அதில் ஒரு பழைய வியாதி இருந்தது. விமானி சட்டென மூக்கைக் கீழே சாய்த்தால் மிதவைக் கிண்ணத்திலுள்ள பெற்றோல் மேலே எழும்பிவிடும். இயந்திரம் முதலில் பட்டினி கிடந்து, பிறகு மூச்சுத்திணறி நிற்கும். இதற்கு 1941இல் மருந்து கண்டவர் பீற்றிஸ் ஷில்லிங் என்ற பெண் பொறியியலாளர். எரிபொருட் குழாயினுள் பொருத்துவதற்குத் துளையிட்ட சிறு உலோகத் தட்டு ஒன்றைச் செய்தார், அவ்வளவுதான். அந்த அம்மையார் புரூக்லண்ட்ஸ் ஓடுதளத்தில் நோர்ட்டன் மோட்டார் சைக்கிளை மணிக்கு 100 மைலுக்கு மேல் ஓட்டிப் பெயரெடுத்தவர் என்பது குறிப்பிடத்தக்கது. காபரேற்றரின் குணத்தை அவர் முதலில் மோட்டார் சைக்கிளிலேயே படித்திருப்பார் என்பது என் ஊகம்.

அன்றைய தாக்குதலில் ஜப்பானிய விமானமொன்று விழுந்து எரிந்ததாகக் காட்டப்படும் எண்ணெய்த் தாங்கியின் உருக்குலைந்த சுவர்கள் சீனன்குடாக் காட்டுக்குள் இன்றும் நிற்கின்றன. இரண்டாம் உலகப் போருக்கு முன்னரே பிரித்தானியர் அமைக்கத் தொடங்கிய அந்தத் தாங்கித் தொகுதியில் எஞ்சியவை 99. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 12,000 கிலோலீற்றர் கொள்ளும். இவ்வளவு எண்ணெய்க்கு இடமுள்ள ஊரில் பிறந்த நான், ஒரு துளி பெற்றோலின் அருமையைக் கற்றது யாழ்ப்பாணத்தில்.

1990 யூனில் போர் மீண்டும் வெடித்ததும் வடக்கின் மீது பொருளாதாரத் தடை இறங்கியது. மின்சாரம் நின்றது. பெற்றோல் தடைப்பட்டியலில் ஏறியது. 1992இல் பல்கலைக்கழகப் படிப்புக்காகக் கிளாலிக் கடல்நீரேரியை இரவில் படகில் கடந்து யாழ்ப்பாணம் போய்ச் சேர்ந்தபோது முதலில் என்னை எதிர்கொண்டது ஒரு மணம். வீதியெல்லாம் மண்ணெண்ணெய்ப் புகை. ஹொண்டா சி 50, எம்.டி. 90, பழைய ஒஸ்ரின் ஏ 40, மொறிஸ் மைனர் என்று ஓடியவை யாவும் மண்ணெண்ணெயில் ஓடின. மண்ணெண்ணெயும் தாராளமாகக் கிடைத்ததென்று எண்ண வேண்டாம். ஜாம் போத்தலுக்குள் திரியை வைத்துச் சிக்கனமாக விளக்கெரித்து மிச்சம் பிடித்ததே வண்டிக்குப் போனது.

மண்ணெண்ணெய் குளிர்ந்த இயந்திரத்தில் ஆவியாகாது. ஆதலால் ஒவ்வொருவர் சட்டைப்பையிலும் ஒரு சிறு பிளாஸ்டிக் போத்தலில் பெற்றோல் இருந்தது. காபரேற்றரின் வாயில் சில துளிகளை விட்டு, உதைத்து, இயந்திரம் சூடேறும்வரை அணையவிடாமல் பிடித்து, பின் மண்ணெண்ணெய்க்கு மாற்ற வேண்டும். நான் தங்கியிருந்த வீட்டுக்காரர் துளிகளை எண்ணியே விடுவார். "தம்பி, சித்திரையிலை நாலு துளி காணும், மார்கழியிலை பத்தும் பத்தாது" என்பார். வாடைக்காலக் காலைகளில் ஒழுங்கை முழுவதும் உதைக்கும் சத்தமும், அதைத் தொடர்ந்து பெருமூச்சும் கேட்கும். மழை நாளில் வழியில் இயந்திரம் ஆறிப்போனால் போத்தலில் மிச்சம் இருக்கிறதா என்பதே கேள்வி. நோயாளியை ஏற்றிக்கொண்டு போகிறவனுக்கு அது சிறிய கேள்வியன்று.

காலநிலைக்கேற்பத் திருகாணியைத் திருப்பிப் பழகிய கைகள்தான் இதற்கும் கைகொடுத்தன. எரிபொருள் மாறியபின் ஒவ்வொரு வண்டியையும் புதிதாகக் கேட்க வேண்டியிருந்தது. ஏ 40, மொறிஸ் போன்ற பழைய கார்கள் இதற்கு எளிதில் இணங்கியதற்கும் காரணம் உண்டு. அவற்றின் அமுக்க விகிதம் குறைவு. ஆகையால் மண்ணெண்ணெயின் தட்டலைத் தாங்கின. ஆயினும் எரியாத எண்ணெய் வளையங்களைத் தாண்டி இறங்கி, உராய்வு எண்ணெயைத் தண்ணீராக்கி, இயந்திரங்களைத் தின்றது. 1940களின் இறுதியில் பிரித்தானியாவின் பெர்குசன் உழவு இயந்திரங்கள் சிறு தாங்கியில் பெற்றோலும் பெரிய தாங்கியில் மண்ணெண்ணெய் வகை எரிபொருளுமாக இதே முறையில் விற்பனைக்கு வந்தன. அங்கே அது தொழிற்சாலையின் வடிவமைப்பு. இங்கே கராஜ்காரரின் தவிப்பு. அன்றைய பத்திரிகைகளில் போர்ச்செய்திகளுக்கிடையில் இதற்கு இடம் கிடைக்கவில்லை. பின்னர் அதே தொழிலுக்கு வந்த நானும் இத்தனை காலம் எழுதவில்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

எங்கள் திருகோணமலை மீனவர்களுக்கு மட்டும் இதெல்லாம் புதினமன்று. அவர்களுடைய வெளியிணைப்பு இயந்திரங்கள் பெற்றோலில் கிளம்பி மண்ணெண்ணெயில் ஓடுவதற்கென்றே செய்யப்பட்டவை. அதனாற்றான் 2022 ஓகஸ்ற்றில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து ஒரே நாளில் 340 ரூபாவாக உயர்ந்தபோது பல வள்ளங்கள் கரையிலேயே கிடந்தன.

அவ்வாண்டை எவரும் மறந்திருக்கமாட்டார்கள். சனவரி 6ஆந் திகதி சீனன்குடாத் தாங்கிகளைப் பங்கிடும் ஒப்பந்தம் கைச்சாத்தானது. லங்கா ஐ.ஓ.சி.க்கு 14, பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு 24, இரண்டும் சேர்ந்த கம்பனிக்கு 61. ஆறு மாதங்களுக்குள் நாடு முழுவதும் எரிபொருள் வற்றியது. பிறகு கியூஆர் அட்டை வந்தது. மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர் என்று தொடங்கினார்கள். அந்த யூலையில் ஊருக்குப் போயிருந்தபோது நானும் வரிசையில் நின்றேன். கச்சான் முகத்தில் அடித்தது. குடாவுக்கு அப்பால் 99 தாங்கிகள். எனக்கு முன்னால் நின்ற முதியவர் ஒருவர் சட்டைப்பையிலிருந்து கண்மருந்துப் போத்தலொன்றை எடுத்துக் காட்டிச் சிரித்தார். அவர் யாழ்ப்பாணத்தவர் என்பதை அவர் சொல்லாமலே விளங்கிக்கொண்டேன்.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டதால் காபரேற்றர் வண்டிகளின் ஆயுள் இலங்கையில் நீண்டது. 2025இல் கதவு திறந்தபின் வருகின்ற வண்டிகளில் எரிபொருளை உட்செலுத்தும் முறையே பெரும்பாலும் உண்டு; காற்றின் சூட்டையும் அழுத்தத்தையும் உணரிகள் அளக்கின்றன, திருப்புவதற்குத் திருகாணி இல்லை. உட்துறைமுக வீதிக் கராஜில் இப்போது இருப்பவர் அந்தப் பழையவரின் மகன். போன ஐப்பசியில் நான் அங்கு போனபோது மழை தூறத் தொடங்கியிருந்தது. வாசலில் மூன்று பழைய வண்டிகள் நின்றன. அவர் குந்தியிருந்து ஒன்றைக் கேட்டுக்கொண்டிருந்தார்.