ஒதுக்கப்பட்டோர் எழுப்பிய அறிவகம்

வாயிலிலே "பொது நூலகம்" என்ற பலகை. உள்ளே நுழைய முயன்றாலோ, "உனக்கில்லை" என்ற மறுப்பு! பொது என்ற சொல்லுக்கு இதைவிடப் பெரிய இழிவு உண்டோ? இந்த இழிவைத் தாங்கிய மக்கள், தமக்கென ஒதுக்கப்பட்ட சிறிய இடத்தையே பெரிய அறிவுப் பாசறையாக மாற்றிய வரலாறு ஒன்று உண்டு. ஒதுக்கி வைத்தல் என்றால் என்னவென்று அறிந்த நாம், அதனை ஒருமுறையேனும் படித்தாக வேண்டும்.

அமெரிக்க நாட்டின் கெண்டக்கி மாநிலத்தில், ஒகையோ ஆற்றங்கரையில் உள்ள நகரம் லூயிவில். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே பொது நூலகம் உருவாயிற்று. கட்டடத்துக்குப் பொருள் தந்தவர் பெருஞ்செல்வர் ஆண்ட்ரூ கார்னெகி. அவர் உதவி பெறும் ஊருக்கு ஒரு நிபந்தனை உண்டு. மனையை ஊர் தர வேண்டும். ஆண்டுதோறும் நடத்தும் செலவையும் ஊரே ஏற்க வேண்டும். ஊர் என்றால் யார்? வரி கொடுக்கும் மக்கள்! வரி வாங்கிய கை தோலின் நிறத்தைப் பார்க்கவில்லை. ஏடு வழங்கிய கை மட்டும் பார்த்தது.

அந்நாளைய கெண்டக்கியின் மனப்போக்குக்கு ஒரு சான்று போதும். வெள்ளை மாணவரும் கறுப்பின மாணவரும் ஒரே பள்ளியில் அமர்ந்து பயிலக் கூடாதென 1904-இல் அம்மாநிலம் சட்டம் செய்தது. இரு இனத்தாரையும் சேர்த்துப் பயிற்றுவித்த பெரியா கல்லூரி அதனை எதிர்த்து வழக்காடியது. 1908-இல் நாட்டின் உச்ச நீதிமன்றமே அச்சட்டம் செல்லும் என்று தீர்ப்பளித்தது. சட்டமன்றம் சுவர் எழுப்பியது. நீதிமன்றம் அதற்குச் சுண்ணாம்பு பூசியது!

இந்த நகரில் ஆல்பர்ட் மெய்சீக் என்ற கறுப்பினத் தலைமையாசிரியர் இருந்தார். தம் மாணவர்க்கு நூலகக் கதவு மூடியிருப்பதைக் கண்டு அவர் வாளா இருக்கவில்லை. கேட்டார், வாதாடினார், விடாது வற்புறுத்தினார். அவரையொத்தோர் முயற்சியால் 1905-ஆம் ஆண்டு செப்டம்பரில் கறுப்பின மக்களுக்கெனக் கிளை நூலகம் ஒன்று திறக்கப்பட்டது. மாளிகையிலன்று, ஒரு வீட்டின் மூன்று வாடகை அறைகளில்!

அந்த மூன்று அறைகளின் பொறுப்பை ஏற்றவர் தாமஸ் பவுண்டன் புளூ. 1866-இல் வர்ஜீனியாவில் பிறந்தவர். அவருடைய பெற்றோர் அடிமைகளாய் வாழ்ந்தவர்கள். எழுத்தறிவு அடிமைக்கு ஆகாதென்று சட்டம் போட்ட மாநிலம் வர்ஜீனியா. அந்தப் பெற்றோரின் மகன் கையில் ஒரு நூலகத்தின் திறவுகோல்! காலம் தந்த இந்தப் பதிலைவிடக் கூர்மையான பதிலை எந்தப் பேச்சாளர் தர முடியும்?

1908-இல் கார்னெகி நிதியால் அக்கிளைக்குச் சொந்தக் கட்டடம் எழுந்தது. முற்றிலும் கறுப்பின ஊழியராலேயே நடத்தப்பட்ட முதல் பொது நூலகக் கிளை என்று வரலாறு அதனைக் குறிக்கிறது. ஆனால், நாம் வியப்பது கட்டடத்தை அன்று, அதற்குள் நடந்தவற்றை!

நூல்களை அடுக்கி வைத்துவிட்டு, வருவோர் வரட்டும் என்று புளூ காத்திருக்கவில்லை. சிறுவர்க்குக் கதை சொல்லும் நேரம் வைத்தார். எழுத்துக் கூட்டத் தெரியாத குழந்தையும் செவிவழியே நூலுக்குள் நுழைந்தது. சிறுவர் பகுதியை வளர்த்த பெருமை ரேச்சல் ஹாரிஸ் என்ற அம்மையாருக்கு உரியது. கவிஞரும் ஆசிரியருமான ஜோசப் காட்டர் தூண்டுதலால் சிறுவரே கதை சொல்லும் போட்டி நடந்தது; வென்றவர்க்குக் கோப்பை கிடைத்தது. உயர்பள்ளி இளைஞர்க்கு டக்ளஸ் பெயரால் சொற்போர் மன்றம் இருந்தது. முதியோர்க்குக் கூட்டங்களும் சொற்பொழிவுகளும் நடந்தன. பொதுநலக் கழகங்கள் கூடிப் பேச அறைகள் திறந்திருந்தன. நூலகத்துக்கு வர இயலாதவரை நாடி, நூல்களே பள்ளிகளுக்குப் பயணம் போயின.

வகுப்பறையில் நாள்தோறும் நிற்கும் நாம் இதன் பொருளை அறிவோம். பாடநூல் தேர்வோடு மூடப்படுகிறது. கதை கேட்ட செவியும், மேடையேறி வாதிட்ட நாவும் மூடப்படுவதில்லை. கேள்வி கேட்கப் பழகியவனை மீண்டும் அடிமையாக்குவது எளிதன்று!

மற்றொரு பணியும் நடந்தது. தென் மாநிலங்களில் கறுப்பின மக்களுக்கு நூலகம் திறப்பதென்றால், நடத்தப் பயிற்சி பெற்றவர் வேண்டுமே! புளூ தம் நூலகத்திலேயே பயிற்சி வகுப்பு நடத்தினார். பிற நகரங்களிலிருந்தும் மாணவர் வந்து கற்றுத் திரும்பினர். 1914-இல் லூயிவில்லின் கிழக்குப் பகுதியிலும் ஒரு கிளை எழுந்தது. ஒரு விளக்கு பல விளக்குகளை ஏற்றியது.

இங்கே ஒரு கேள்வி எழும். தனி நூலகத்தை ஏற்றது, ஒதுக்கலுக்கே உடன்பட்டதாகாதா? நியாயமான கேள்வி, நழுவிச் செல்ல மாட்டோம். தனிக் கிளை தந்தவர்கள், நகரின் தலைமை நூலகத்தைப் பூட்டி வைக்க அதனையே சாக்காக்கினர் என்பது உண்மை. ஆனால், பூட்டு திறக்கும் வரை ஒரு தலைமுறைச் சிறுவர் ஏடின்றி இருந்திருக்க வேண்டுமா? பசித்தவன் தன் பங்குக்குப் போராடுவான். போராடுகையில் உண்ணவும் செய்வான். உண்பது சரணடைதல் ஆகாது. நூலகத்தைப் போற்றுவோம், அதனைத் தனியே நிறுத்திய கொடுமையைப் போற்றோம். இரண்டையும் பிரித்தறிவதே பகுத்தறிவு.

புளூ 1935-இல் மறைந்தார். தலைமை நூலகத்தின் கதவு கறுப்பின மக்களுக்குத் திறந்தது 1948-இல்தான். தாம் முப்பதாண்டு நெருங்கப் பணியாற்றியிருந்தும் காண இயலாத காட்சி அது! அவர் வளர்த்த மேற்குக் கிளையோ இன்றும் நூலகமாகவே வாழ்கிறது. கறுப்பின மக்களின் வரலாற்று ஆவணங்களையும் காத்து வருகிறது. விலக்கியோர் வகுத்த விதி செத்தது. விலக்கப்பட்டோர் வளர்த்த அறிவகம் நிலைத்தது.

தோழர்களே! உங்கள் ஊர் நூலகத்துக்கு ஒருநாள் செல்லுங்கள். எத்தனை நூல்கள் என்று எண்ணுவதோடு நில்லாதீர்கள். குழந்தைக்கு அங்கே கதை உண்டா? இளைஞனுக்கு மேடை உண்டா? கண் மங்கிய முதியவருக்குப் படித்துக் காட்ட ஆள் உண்டா? எவரேனும் இன்னும் வாயிலுக்கு வெளியே நிற்கின்றனரா? இல்லாததை உண்டாக்குங்கள், வெளியே நிற்பவரைக் கைப்பிடித்து அழைத்து வாருங்கள். மூன்று வாடகை அறைகளில் அவர்களால் முடிந்தது. நம்மால் முடியாதா?