மைனார்ஸ்கியின் பெயரில் ஒரு பொம்மர்

பலேர்மோவின் ஸ்தாசியோனே சென்ட்ராலே 1886இல் திறக்கப்பட்ட ரயில் நிலையம். வாசலில் இருந்து இடப்பக்கம் போனால் பல்லரோச் சந்தை. மரவள்ளிக் கிழங்கும் கறிவேப்பிலையும் தேடுகிற எங்கள் சனங்களுக்கு அந்த வழி மனப்பாடம். வலப்பக்கம் பத்து நிமிட நடையில் மஜோனே சதுக்கம் இருக்கிறது. ஒன்றோடொன்று ஒட்டி நிற்கும் பழைய வீடுகளுக்கு நடுவே திடீரென ஒரு புல்வெளி. பிள்ளைகள் பந்தடிப்பார்கள். அது பூங்காவாகத் திட்டமிடப்பட்ட இடமல்ல. அங்கே வீடுகள் இருந்தன. 1943இல் விழுந்த குண்டுகள் அவற்றைத் தரைமட்டமாக்கின.

அந்த ஆண்டு மே 9ஆம் திகதி பகலில் அமெரிக்க விமானங்கள் நடத்திய தாக்குதலைத்தான் நகரம் அதிகம் நினைவில் வைத்திருக்கிறது. பலேர்மோ குண்டுவீச்சுகளின் முதன்மைக் குறி துறைமுகம். ஆனால் அவ்வளவு உயரத்திலிருந்து விழும் குண்டுக்குத் துறைமுகமும் அதன் பின்தெருவில் இருக்கும் குசினியும் ஒன்றுதான்.

சிசிலியின் வானத்தில் கனடாவுக்கும் பங்குண்டு. 1943 யூன் முதல் ஒக்டோபர் வரை கனடிய விமானப்படையின் 420, 424, 425ஆம் அணிகள் துனீசியாவின் கைருவான் பக்கமிருந்து வெலிங்டன் விமானங்களில் இரவில் வந்து இந்தத் தீவிலும் இத்தாலியிலும் குண்டு போட்டன. திரும்பாமற் போய், உடலும் கிடைக்காதவர்களின் பெயர்கள் மால்ட்டாவின் புளோரியானாவில், பொன் கழுகு அமர்ந்த தூணின் அடியில் பொறிக்கப்பட்டிருக்கின்றன.

ஆனால் கனடா தன் குண்டுவீச்சுப் படையில் மாண்டவர்களில் அதிகம் பேசுவது சிசிலியைக் காணாத ஒருவரைப் பற்றி. அன்ட்ரூ மைனார்ஸ்கி 1916இல் விண்ணிபெக்கில், போலந்திலிருந்து குடியேறிய பெற்றோருக்குப் பிறந்தவர். தோல் வேலை செய்து உழைத்தவர். எங்கள் இரண்டாம் தலைமுறைப் பிள்ளைகள் நிற்கும் இடத்தில் நின்றவர் என்று சொல்லலாம். 1944 யூன் 12 இரவு, 419ஆம் அணியின் லங்காஸ்டர் ஒன்று பிரான்சின் கம்பிரே ரயில் தளத்தைத் தாக்கப் புறப்பட்டது. அவர் அதில் நடுமேற் கோபுரத் துப்பாக்கிக்காரர். ஜேர்மன் விமானம் சுட்டதில் இடப்பக்க இயந்திரங்கள் இரண்டும் போயின. தீ பிடித்தது. குதிக்கச் சொல்லி உத்தரவு. மைனார்ஸ்கி குதிக்கவில்லை. வாற்கோபுரத்துக்குள் சிக்கியிருந்த பட் புரோபியை நோக்கித் தீக்குள்ளால் போனார். கோபுரக் கதவு அசையவில்லை. உடையும் பரசூட்டும் எரியத் தொடங்கின. போய்விடு என்று புரோபி கை காட்டினார். மைனார்ஸ்கி நிமிர்ந்து நின்று ஒரு சல்யூட் அடித்துவிட்டுக் குதித்தார். கீழே பிரெஞ்சுக்காரர் கண்டெடுத்தும் தீக்காயங்களால் இறந்துபோனார். வயது 27.

விமானம் விழுந்து நொறுங்கியது. புரோபியோ உயிர் தப்பினார். இது நடந்திராவிட்டால் எங்களுக்குக் கதையே இல்லை. புரோபி சொன்னதைக் கேட்டு எழுத ஓர் அரசு இருந்தது, 1946இல் விக்டோரியா சிலுவை வழங்கப்பட்டது. விமானப்படை ஒவ்வோர் இரவுக்கும் விமான எண், புறப்பட்ட நேரம், ஏழு பெயர் என்று தட்டச்சிட்டு வைத்தது. என் தொழிலில் அதை லொக் என்போம். பின்னாளில் கல்வெட்டாவது அந்த லொக்தான். அல்பேர்ட்டாவின் நான்டன் ஊரில் இப்படி 10,000க்கும் மேற்பட்ட பெயர்கள் நிற்கின்றன. குண்டு விழுந்த தெருவில் லொக் எழுத ஆள் நியமிப்பதில்லை.

ஒட்டாவாவில் 2005இல் திறந்த போர் அருங்காட்சியகத்தில், இந்தக் குண்டுவீச்சு 6 இலட்சம் ஜேர்மனியரைக் கொன்றது, அதன் பயனும் அறமும் இன்றும் சர்ச்சைக்குரியவை என்று ஒரு பலகை சொன்னது. முன்னாள் வீரர்கள் கொதித்தார்கள். விடயம் செனட் வரை போய், 2007இல் வாசகம் மாற்றப்பட்டது. அந்த முதியவர்களின் நோவு எனக்கு விளங்குகிறது. பக்கத்து இருக்கையில் எரிந்தவனை அவர்கள் கண்டவர்கள். என்றாலும் முதற் பலகையே நேர்மையானது என்பேன். மைனார்ஸ்கியின் துணிவை அது தொடவேயில்லை. அந்த விமானங்களுக்குக் கீழே ஆட்கள் இருந்தார்கள் என்று மட்டுமே சொன்னது.

1995 யூலை 9இல் நவாலி தேவாலயத்தில் தஞ்சமிருந்தோர் மீது இலங்கை விமானப்படையின் குண்டுகள் விழுந்தன. நூறுக்கு மேற்பட்டவர்கள் செத்தார்கள். கண்டவர்கள் இன்னும் உயிரோடிருக்கிறார்கள், ஸ்காபரோவிலும் பலேர்மோவிலும் கூட இருக்கலாம். புரோபி சொன்னதைப் போலச் சொல்ல அவர்களிடமும் உண்டு. கேட்டு எழுதும் மேசைதான் இல்லை. அந்த மேசையை நாங்களே போடலாம், இந்த இதழ் போன்ற இடங்களில்.

பறக்கக்கூடிய லங்காஸ்டர் உலகில் இரண்டே இரண்டு. ஒன்று ஒன்டாரியோவின் ஹமில்டனில் இருக்கிறது, மைனார்ஸ்கியின் பெயரில், அவருடைய விமானத்தின் எழுத்துகளைத் தாங்கி. கோடைகாலங்களில் அது தாழப் பறக்கையில் கனடியர்கள் முற்றத்துக்கு ஓடிவந்து அண்ணாந்து பார்க்கிறார்கள். அதே தெருக்களில் எங்கள் அம்மம்மாக்களும் இருக்கிறார்கள். நாலு இயந்திரச் சத்தம் காதில் விழுந்ததும் அவர்கள் முதலில் தேடுவது பேரப்பிள்ளை எங்கே என்றுதான்.