கோலியின் ஜ்வரம்

1891ஆம் ஆண்டில், நியூயார்க் நகரத்தின் கீழ்க்கிழக்குப் பகுதியில், ஜெர்மனியிலிருந்து குடியேறிய ஏழைத் தொழிலாளர்கள் நெருக்கியடித்து வாழ்ந்த அடுக்கு வீடுகளின் இருண்ட படிகளில் ஏறியும் இறங்கியும், கதவு கதவாகத் தட்டியும், முப்பது வயது நிரம்பாத ஒரு சத்திர வைத்தியர் ஸ்டைன் என்ற ஒரு மனிதனைத் தேடி அலைந்துகொண்டிருந்தார். அவர் பெயர் வில்லியம் கோலி. தம்மிடம் வந்த ஒரு பெண்ணைக் காப்பாற்ற முடியாமற் போன துக்கமே அவரை இவ்வாறு அலைய வைத்தது.

எலிஸபெத் டாஷியல் என்னும் அப்பெண், ரயில் வண்டியின் ஆசனங்களுக்கிடையே கை சிக்கி ஏற்பட்ட காயத்துக்காக, 17ஆவது வயதில் அவரிடம் வந்தாள். வடியாத அதன் வீக்கம் சார்கோமா என்னும் கொடிய புற்றென்று தெரிந்தபின், முழங்கைக்குக் கீழே கையையே எடுத்தும் பயனின்றி, 1891 ஜனவரியில் அவள் உயிர் நீத்தாள். அதன்பின் கோலி நியூயார்க் மருத்துவமனையின் பழைய பதிவேடுகளைப் புரட்டலானார். பல முறை அறுத்தும் திரும்பத் திரும்ப வளர்ந்த கழுத்துக் கட்டியோடு, இனி இவன் பிழையான் என்று வைத்தியர்களால் கைவிடப்பட்ட ஒருவன், ஆறாத அந்த ரணத்தில் எரிசிப்பெலஸ் பற்றித் தோல் தீயாய்ச் சிவந்து கடும் ஜ்வரத்தில் கிடந்து எழுந்தபோது, கட்டி கரைந்து வீடு திரும்பினான் என்ற குறிப்பு அங்கே அவர் கண்ணில் பட்டது. அந்த ஸ்டைனைத்தான் தேடினார், கண்டும் பிடித்தார். கழுத்தில் பெரிய தழும்பு ஒன்றைத் தவிர வேறு குறையின்றி, ஏழாண்டு கழித்தும் திடகாத்திரமாக அவன் நின்றான். ஏட்டில் கண்டதை ஏட்டோடு விட்டுவிடாமல், உயிரோடிருக்கும் சாட்சியைத் தெருவில் இறங்கித் தேடிய அந்தச் சிரத்தையையே கோலியின் முதற்பெருமை என்று நான் மதிக்கிறேன். ஏனெனில் ஜ்வரத்தால் கட்டி கரைவதை அவருக்கு முன்பே ஜெர்மனியில் புஷ், ஃபெலைஸன் ஆகியோர் கண்டிருந்தனர்.

அவ்வாண்டிலேயே, தொண்டையில் கோழிமுட்டையளவு கட்டியோடு உணவும் விழுங்க இயலாதிருந்த ஸோலா என்னும் இத்தாலியருக்கு, எரிசிப்பெலஸை உண்டாக்கும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமியை உயிரோடு ஊசி மூலம் செலுத்தினார். முதலிற் செலுத்தியவை பலமற்றவையாயிருந்தன. அக்டோபரில், பெர்லினில் ராபர்ட் காக்கின் ஆய்வுக்கூடத்திலிருந்து தருவித்த வீரியமுள்ள கிருமியைச் செலுத்தவே, நடுக்கமும் வாந்தியும் 105 பாகை ஜ்வரமுமாக ரோகி மரணத்தின் வாயில் வரை சென்றான். ஆனால் இரண்டாம் நாளே கட்டி உடைந்து கசியத் தொடங்கிற்று. அவன் மேலும் எட்டாண்டு வாழ்ந்தான். உயிர்க்கிருமி சிலரைக் கொன்றும்விட்டபடியால், 1893 முதல் உஷ்ணத்தாற் கொல்லப்பட்ட இருவகைக் கிருமிகளின் கலவையைக் கோலி கையாண்டார். வயிற்றில் பெரும் புற்றோடு வந்து அதனாற் குணமடைந்த 16 வயதுச் சிறுவன், 26 ஆண்டுகள் கழித்து இருதய நோயால்தான் இறந்தான்.

பின் ஏன் இந்தச் சிகிச்சை மங்கிற்று? எக்ஸ்ரேயும் ரேடியமும் அப்போது புதிதாய் வந்து, எவர் கையிலும் ஓரளவு ஒரே விதமாகப் பலன் காட்டின; கோலி பணியாற்றிய மெமோரியல் மருத்துவமனையிலேயே நோய்க்குறியியல் மேதை ஜேம்ஸ் யூயிங் அவருக்குக் கடும் எதிரியானார். எனினும் பழி முழுவதையும் யூயிங்மீது சுமத்துதல் நியாயமாகாது. கோலியின் கலவை காலத்துக்குக் காலம் பக்குவம் மாறியது. ஒருமுறை தசையிலும் ஒருமுறை கட்டியிலுமாக அதனைச் செலுத்தினார். பிற்பாடு ரோகிகளின் கதி என்னவாயிற்றென்ற குறிப்புகளும் பல இடங்களிற் குறைபட்டிருந்தன. 1936இல் அவர் காலமானபோது, அது ஏன் சிலருக்கு மட்டும் பலித்தது என்பதை அவராலும் விளக்க முடிந்திருக்கவில்லை.

தந்தை விட்டுச்சென்ற கடிதக் கட்டுகளைப் பிரித்தவள் மகள் ஹெலன். வைத்தியக் கல்வி இல்லாத அந்த அம்மையார், ஆண்டுக்கணக்கில் அமர்ந்து ஒவ்வொரு ரோகியின் கதையையும் ஒழுங்குபடுத்தி, 1953இல் நெல்ஸன் ராக்ஃபெல்லர் அளித்த 2,000 டாலரைக் கொண்டு புற்றுநோய் ஆராய்ச்சிக்கென ஒரு நிறுவனத்தைத் தொடங்கினார். அந்த நெல்ஸனின் தந்தைக்குத்தான் எலிஸபெத் டாஷியல் இளமையில் அருமைத் தோழியாயிருந்தாள். 1965இல் அமெரிக்கப் புற்றுநோய்ச் சங்கம் கோலியின் மருந்தை நிரூபிக்கப்படாத சிகிச்சைகளின் பட்டியலில் வைத்தபோதும் ஹெலன் தளரவில்லை. அந்நிறுவனத்தின் விஞ்ஞான இயக்குநரான லாயிட் ஓல்டும் அவர் சகாக்களும், கிருமியின் பொருள் புகுந்த தேகத்தில் புற்றை அழுகச் செய்யும் புரதமொன்று தானே சுரக்கிறதென்று 1975இல் காட்டினர். கட்டியை உடைத்தது கிருமியன்று, அதனை எதிர்க்க எழுந்த தேகமே என்ற ஊகத்துக்கு அப்போது ஓர் ஆதாரம் கிடைத்தது. அத்தேகபலத்தைக் கட்டிப்போடும் தடைகளை விலக்கும் வழி கண்ட ஜேம்ஸ் ஆலிஸனும் தாஸுகு ஹோஞ்சோவும் 2018இல் நோபெல் பரிசு பெற்றனர்.

கிருமியால் தேகத்தை எழுப்பும் கோலியின் வழியிலேயே, நம்மில் பலருடைய இடது தோளில் தழும்பிட்டிருக்கும் அதே காசநோய்த் தடுப்பூசியான பி.சி.ஜி.யை, 1976இல் கனடாவில் ஆல்வரோ மொராலிஸ் மூத்திரப்பைப் புற்றுக்குப் பலன்பட வழங்கிக் காட்டினார். இன்றும் மெல்லிய குழாய் வழியே அதனைப் பைக்குள் ஏற்றி, ஏறக்குறைய இரண்டு மணி நேரம் அடக்கி வைத்திருக்கும்படி ரோகியிடம் சொல்கிறார்கள். வீட்டுக்கு அனுப்பும்போது, அன்றிரவு சற்றே குளிர் நடுக்கமும் ஜ்வரமும் காணலாம் என்றும் சொல்லி அனுப்புகிறார்கள்.