சுவரில் தொங்கிய சேலை

சென்ற ஐப்பசியில் நம் குழுவினர் குன்றக்குடிக் குடைவரைகளைக் காணச் சென்றிருந்தபோது நிகழ்ந்த ஒரு சிறு உரையாடலே இக்கட்டுரைக்கு வித்து. உடன் வந்த தோழியருள் ஒருவர் அன்று கட்டம் போட்ட கண்டாங்கிச் சேலையைப் பின்கொசுவம் வைத்து உடுத்தியிருந்தார். கல்லூரியில் பணியாற்றுபவர். சில மாதங்களாக வேலைக்கும் இப்படியே செல்கிறார். மலையடிவாரத்தில் பூ விற்றுக்கொண்டிருந்த மூதாட்டி அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "எங்க ஆத்தா இப்படித்தான் கட்டியிருக்கும். ஒனக்கு யாரு தாயி சொல்லிக் கொடுத்தது?" என்று கேட்டார். தோழி விடை சொல்லாமல் சிரித்து மழுப்பிவிட்டார்.

திரும்பும் வழியில்தான் உண்மையைச் சொன்னார். அவருடைய பாட்டியும் அவ்வாறே உடுத்தியவர். ஆனால் கற்றுக்கொண்டது பாட்டியிடமிருந்து அன்று, கைப்பேசியில் கண்ட ஒரு காணொளியிலிருந்து. இரண்டாண்டுக் காலம் திரையில் வந்ததையெல்லாம் வாங்கிக் குவித்து, பாதியை ஒருமுறைகூட உடுத்தாமல் அலமாரியில் அடுக்கி வைத்தவர் அவர். ஒருநாள் மனம் வெறுத்துத் தாம் பின்தொடர்ந்த பக்கங்களையெல்லாம் நீக்கிவிட்டு, நெசவாளர்கள் சிலரையும் பழைய ஒளிப்படத் தொகுப்புகள் சிலவற்றையும் மட்டும் வைத்துக்கொண்டாராம். அதன் பிறகு வந்ததே இந்தக் கண்டாங்கி. "ஆனாலும் ஓர் ஐயம் தீரவில்லை. இது நானே விரும்பியதா, அல்லது இதுவும் எனக்குக் காட்டப்பட்டதால் விரும்பியதா?" என்று கேட்டார்.

வண்டியில் இருந்த எவருக்கும் உடனே விடை தோன்றவில்லை. வரலாற்றில் நாட்டம் கொண்டவர்கள் என்று நம்மை நாமே சொல்லிக்கொள்வதால், விடையை அங்கேயே தேடிப் பார்க்கத் துணிந்தோம்.

முதலில் வங்கம் செல்வோம். இரவீந்திரநாத் தாகூரின் அண்ணன் சத்தியேந்திரநாத் தாகூர் 1863ஆம் ஆண்டு ஐ.சி.எஸ். தேர்வில் வெற்றி பெற்ற முதல் இந்தியர். மறு ஆண்டு பம்பாய் மாகாணத்தில் பணியேற்கச் சென்றபோது மனைவி ஞானதானந்தினி தேவியையும் உடன் அழைத்துச் செல்ல விரும்பினார். தேவிக்கு அப்போது வயது பதினான்கு. புறப்படுவதற்கு முன் எழுந்த இடையூறு இன்று நமக்கு வியப்பாகத்தான் இருக்கும். வெளியே செல்ல அவரிடம் உடை இல்லை! தாகூர் குடும்பத்துக்கா துணிக்குப் பஞ்சம் என்று கேட்கலாம். அக்கால வங்கத்து உயர்குடிப் பெண்கள் அந்தப்புரத்தை விட்டு வெளியே வாராதவர்கள். உள்ளாடையோ ரவிக்கையோ இன்றி ஒற்றைச் சேலையைச் சுற்றிக்கொள்வதே அங்கு வழக்கம். வீட்டுக்குள் அது போதும், கப்பலில் போதாது. ஆகவே ஒரு பிரெஞ்சுக் கடையில் கீழைநாட்டுப் பாணி என்ற பெயரில் ஓர் உடை தைத்து வாங்கினார்கள். அணிவதற்கே பெரும்பாடாக இருந்த அந்த உடையுடன்தான் அவர் பம்பாய் சேர்ந்தார்.

பம்பாயில் பார்சிப் பெண்கள் தடையின்றி வெளியே நடமாடுவதையும் அவர்கள் சேலை உடுத்தும் முறையையும் தேவி கண்டார். கண்டதை அப்படியே எடுத்துக்கொள்ளவில்லை. வலத்தோளின் மேல் வந்த முந்தானையை இடத்தோளுக்கு மாற்றினார். வலக்கை வேலைக்கும் வணக்கத்துக்கும் விடுதலை பெற்றது. உள்ளே பாவாடையும் மேலே ரவிக்கையும் சேர்ந்தன. வங்கம் திரும்பியபோது அதற்குப் 'பம்பாய் முறை' என்றே பெயர். பிரம்ம சமாஜத்துப் பெண்கள் விரும்பி ஏற்றபின் அவர்கள் பெயராலும் அது வழங்கலாயிற்று.

இதில் நாம் நின்று நோக்க வேண்டிய செய்தி ஒன்றுண்டு. இம்முறையைக் கற்க விரும்பும் பெண்களுக்குத் தாமே கற்றுத் தருவதாகத் தேவி ஓர் இதழில் அறிவிப்பு வெளியிட்டார். 1863 முதல் பெண்களுக்காகவே வெளிவந்த 'பாமாபோதினி பத்திரிகை' என்னும் வங்க இதழ் அது. உடை பற்றிய சேதியை ஊர் பேர் அறியாத பெண்களுக்கு அச்சின் வழியே அனுப்பிய அந்தச் செயலும் இன்றைய காணொளியும் வேறு வேறு என்று நமக்குத் தோன்றவில்லை. ஒரு வேற்றுமை மட்டும் உண்டு. அறிவிப்பைப் படித்தவர் விரும்பினால் நேரில் சென்று கற்க வேண்டும். கற்பிப்பவர் இன்னார் என்று தெரியும். பிற்காலத்தில், 1877இல், கணவர் துணையின்றி மூன்று குழந்தைகளுடன் இங்கிலாந்துக்குக் கப்பலேறிய துணிச்சல்காரர் அவர். இன்று நம் ஊர்களில் பெரும்பாலோர் உடுத்தும் முறைக்கு அவர் ஒருவரே காரணம் என்பது வரலாற்றுக்குப் பொருந்தாது. தெலுங்கு நாட்டின் நிவிக் கட்டு உள்ளிட்ட பல முறைகள் அதில் கலந்துள்ளன. எனினும் பலருக்கு ஒரே காலத்தில் ஒரு புதிய வழக்கத்தைக் காட்டிய கைகளுள் அவருடையது முந்தியது.

அடுத்த கை ஓவியருடையது. திருவிதாங்கூரின் கிளிமானூரில் 1848இல் பிறந்த இரவிவர்மாவை அறியாதவர் இலர். 1884ஆம் ஆண்டு, முன்னாள் திவான் டி. மாதவராவ், ஓவியங்களை ஐரோப்பாவுக்கு அனுப்பி வண்ண அச்சுப்படங்களாக்கலாம் என்று அவருக்கு ஆலோசனை கூறி எழுதினார். பத்தாண்டுகள் கழித்து 1894இல் இரவிவர்மாவும் தம்பி இராஜராஜவர்மாவும் பம்பாயிலேயே அச்சகம் தொடங்கினார்கள். ஒவ்வொரு வண்ணத்துக்கும் ஒரு கல் என்ற முறையில், கல்லச்சில் ஒன்றன்மேல் ஒன்றாகப் பதிக்கப்பட்ட படங்கள் நாடெங்கும் பரவின. அரண்மனைச் சுவரில் இருந்த இலக்குமியும் சரசுவதியும் சகுந்தலையும் ஓட்டு வீட்டுச் சுவர்களுக்கு வந்து சேர்ந்தனர்.

அவர்கள் வந்த கோலம் கவனிக்கத்தக்கது. பாவாடையும் மேலாடையும் அணிந்த தேவியரைச் சிற்பிகளும் பழைய ஓவியர்களும் படைத்திருக்கிறார்கள். இரவிவர்மாவோ தம் தேவியர்க்குச் சேலை உடுத்தினார். அதுவும் தம் மண்ணின் முண்டு அன்று, பயணங்களில் அவர் கண்ட மராட்டியப் பெண்களின் சேலை. ஒரு வட்டாரத்தின் அன்றாட உடை இவ்வாறு தெய்வத்தின் மேல் ஏறி, அங்கிருந்து நாட்டுக்கே பொதுவாயிற்று. பின்னாளில் கோவில்பட்டியில் தங்கிப் படம் வரைந்த கொண்டையராஜுவின் (1898–1976) தேவியர் சிவகாசி நாட்காட்டிகளாக நம் பாட்டிமார் வீடுகளில் தொங்கியதும் அதே மரபின் தொடர்ச்சியே.

அச்சுப்படத்தை வாங்கியவர்கள் சும்மா இருக்கவில்லை என்பதுதான் சுவையான செய்தி. படத்திலிருந்த சேலையின் மீது மெய்யான துணியை வெட்டி ஒட்டினர். சரிகையும் மணியும் வைத்துத் தைத்தனர். பழம்பொருள் சேகரிப்புகளில் அத்தகைய படங்களை இன்றும் காணலாம். சேலை உடுத்தக் கற்பித்த படத்துக்கே அவர்கள் தம் விருப்பம்போல் சேலை உடுத்தினார்கள்! எந்தப் படத்தை வாங்குவது, எந்தச் சுவரில் மாட்டுவது, எப்போது கழற்றுவது என்பவற்றையெல்லாம் வீட்டிலிருந்தவர்களே முடிவு செய்தனர். ஆணி அடித்த கை அவர்களுடையது.

இவ்வளவு இனிமையாக மட்டும் உடையின் கதை நடந்துவிடவில்லை. இரவிவர்மா சிறுவனாக இருந்த அதே திருவிதாங்கூரில், இன்றைய கன்னியாகுமரி மாவட்டப் பகுதியில், மார்பை மறைக்கும் மேலாடைக்காகப் பெண்கள் அடிபட்டுக்கொண்டிருந்தார்கள். கிறித்தவம் தழுவிய நாடார் பெண்கள் குப்பாயம் அணியலாம் என்ற அனுமதி கர்னல் மன்றோ திவானாக இருந்த காலத்தில் கிடைத்தது. ஆனால் உயர்சாதிப் பெண்களைப்போல் தோளில் சீலை இடும் உரிமையை 1829ஆம் ஆண்டின் அரச அறிக்கை மறுத்தது. சந்தைகளிலும் தெருக்களிலும் பெண்களின் மேலாடைகள் கிழிக்கப்பட்டன. 1858–59இல் கலவரம் முற்றியது. சென்னை ஆளுநர் டிரெவெலியன் நெருக்கியதன் பேரில் 1859 ஜூலையில் வந்த அறிக்கை, நாடார் பெண்கள் அனைவரும் குப்பாயம் அணியலாம் என்றது. அப்போதும் உயர்சாதிப் பெண்கள் உடுத்தும் முறையில் மட்டும் உடுத்தலாகாது என்ற நிபந்தனை நீங்கவில்லை.

தேவியின் கதையையும் இக்கதையையும் அடுத்தடுத்து வைத்தால் நெஞ்சு கனக்கிறது. அறிக்கை வெளிவந்த ஐந்தே ஆண்டுகளில் ஞானதானந்தினி பம்பாய்க்குக் கப்பலேறினார். ஒருவருக்குப் புதிய உடை புதுமை விருப்பமாகவும் சீர்திருத்தமாகவும் அமைந்தது. இன்னொருவருக்கு அதுவே குருதி சிந்திப் பெறவேண்டிய உரிமை. 'பார்த்தேன், பிடித்தது, உடுத்தினேன்' என்று எளிதாகச் சொல்வதற்குப் பின்னால், பார்த்தும் பிடித்தும் உடுத்தவிடாமல் தடுக்கப்பட்டவர்களின் வரலாறு இருக்கிறது. குமரி மண்ணில் பிறந்த நண்பர்கள் நம் குழுவிலும் உண்டு. தம் கொள்ளுப்பாட்டிமார் இதைப்பற்றிப் பேசவே மாட்டார்கள் என்று அவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம்.

உடையைக் கூட்டியவர்களைப் பார்த்தோம். குறைத்தவர் ஒருவரையும் பார்த்துவிடுவோம். 1921 செப்டம்பர் 22 அன்று காலை, மதுரை மேலமாசி வீதியில் தாம் தங்கியிருந்த வீட்டிலிருந்து காந்தியடிகள் அரையாடையுடன் வெளியே வந்தார். கதர் வாங்கப் பணமில்லை என்று ஏழைகள் சொன்னதற்கு அவர் அளித்த விடை அது. முதலில் அக்டோபர் இறுதிவரைக்கும் என்றுதான் எண்ணினார். அதாவது, தம் உடலின்மீது அவர் நடத்திப் பார்த்த ஒரு மாத முயற்சி அது. வாழ்நாள் முழுதும் நிலைத்துவிட்டது. பல காட்சிகள் அவர்முன் வந்து போயிருக்கும். அவற்றுள் எதைத் தம்மை மாற்ற அனுமதிப்பது என்று தேர்ந்ததே அவர் செய்தது.

பின்னர் வந்த கதை நாம் அறிந்ததே. திரைப்படம் வந்தது, படங்களின் பெயரால் தீபாவளிச் சேலைகள் வந்தன. 'பூவே பூச்சூட வா' (1985) வெளிவந்தபின் நதியாவின் பெயரில் கம்மலும் வளையலும் கடைதோறும் விற்றதை நம்மில் மூத்தவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். அக்காலத்தில்கூடப் படம் பார்க்க நாம்தான் கொட்டகைக்கு நடந்தோம்.

இணையம் வந்தபோது தமிழில் அழகானதொரு சொல் பிறந்தது: ஓடை. எந்த எந்தத் தளத்தின் செய்தியோடை நமக்கு வேண்டும் என்று நாமே குறித்துக்கொள்வோம். எழுதப்பட்ட வரிசையில் அவை வந்து சேரும். சமூக ஊடகங்களின் ஓடை வேறு வகையானது. 2006இல் ஃபேஸ்புக் அத்தகைய ஓடையைக் கொணர்ந்தது. 2010இல் தொடங்கிய இன்ஸ்டாகிராம் முதலில் கால வரிசையில் படங்களைக் காட்டியது. 2016 முதல் நாம் எதை விரும்பக்கூடும் என்று தானே கணித்து வரிசைப்படுத்தலாயிற்று. பின்தொடர்பவர்களின் பதிவுகளை மட்டும் கால வரிசையில் காணும் வழி 2022இல் மீண்டும் தரப்பட்டது என்றாலும், நாமே தேடிச் சென்று அதைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது. சுவர் நம்முடையதுதான், ஆணி அடிக்கும் கை வேறொருவருடையது. நாம் ஒரு சேலையை நான்கு நொடி உற்றுப் பார்த்தால் அச்சுவரில் மேலும் நாற்பது சேலைகள் வந்து தொங்குகின்றன.

அதே ஊடகத்தில் நல்லதும் நடந்தது. 2015இல் பெங்களூரைச் சேர்ந்த தோழியர் இருவர், அலமாரியில் கிடக்கும் சேலைகளை அவ்வாண்டில் நூறு முறை உடுத்துவது என்று ஒப்பந்தம் செய்துகொண்டு, ஒவ்வொரு சேலையின் கதையையும் எழுதத் தொடங்கினார்கள். நூறு சேலை ஒப்பந்தம் என்ற பெயரில் அது நாடெங்கும் பரவியது. புதிதாக வாங்கச் சொல்லாமல், இருப்பதை உடுத்தவும் அது யார் கொடுத்தது என்று நினைக்கவும் சொன்னதே அதன் சிறப்பு. அம்மாவின் திருமணச் சேலையும் முதல் சம்பளத்தில் வாங்கிய சேலையும் அந்த ஓடையில் மிதந்து வந்தன.

இனித் தோழியின் கேள்விக்கு வருவோம். காட்டப்படாமல் எவரும் விரும்பியதில்லை என்பதே நாம் கண்ட முதல் உண்மை. ஞானதானந்தினிக்குப் பார்சிப் பெண்கள் காட்டினார்கள். இரவிவர்மாவுக்கு மராட்டியம் காட்டியது. மதுரைக்கு வந்தவருக்கு வறுமை காட்டியது. ஆகவே கண்டாங்கியைக் கைப்பேசி காட்டியது என்பதற்காகத் தோழி நாண வேண்டியதில்லை. ஆனால் அவர்கள் எல்லாரும் கண்டதன் முன் சிறிது நின்றார்கள். முந்தானையைத் தோள் மாற்றிப் போட்டார்கள். படத்தின் மேல் தம் துணியை ஒட்டினார்கள். ஒரு மாதம் உடுத்திப் பார்த்தார்கள். வேண்டாத பக்கங்களை நீக்கிவிட்டு, வேண்டியதை மட்டும் வைத்துக்கொண்டு, ஒரே சேலைக் கட்டை மாதக்கணக்கில் உடுத்திப் பழகிய நம் தோழி செய்ததும் அதுதானே? ஆணியையும் சுத்தியலையும் அவர் திரும்பத் தம் கையில் வாங்கிக்கொண்டார். அவ்வளவே.

இதைச் சொன்னபோது அவர் முழு நிறைவு அடைந்ததாகத் தெரியவில்லை. அடுத்த விடுமுறையில் ஊருக்குச் சென்று, தொண்ணூற்றைத் தொடும் பாட்டிமுன் அந்தச் சேலையை உடுத்தி நின்றிருக்கிறார். பாட்டி ஒன்றும் பேசாமல் கொசுவத்தைப் பிரித்துவிட்டு, தம் விரல்களால் மீண்டும் மடித்துச் செருகினாராம். காணொளியில் காட்டியதைவிட மடிப்பின் அகலம் குறைவு, எண்ணிக்கை அதிகம். இப்போது அவர் உடுத்துவது பாட்டியின் மடிப்பு. குன்றக்குடிக்கு மீண்டும் செல்லும்போது அந்தப் பூக்கார மூதாட்டிக்கு விடை சொல்ல வேண்டும் என்று காத்திருக்கிறார். நாமும் உடன் செல்வோம்.