கொடுவாள்: சொல்லும் பொருளும்

கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில், தமிழகத்தின் தேனி மாவட்டத்தை அடுத்த மலைப்பகுதியில் அமைந்துள்ளது சின்னக்கானல். தேயிலையும் ஏலமும் விளையும் இம்மலைகளில் தமிழும் மலையாளமும் அருகருகே வழங்குகின்றன. இவ்விரு மொழிகளுக்கும் பொதுவான பழஞ்சொற்களுள் ஒன்று கொடுவாள். வளைந்த வாளைக் குறிக்கும் இச்சொல்லின் முதற்கூறு கொடுந்தன்மையை உணர்த்துவதாகக் கொள்ளத் தோன்றும். அது பொருந்துமா என்பது ஆராயத்தக்கது.

கொடுமை, வாள் என்னும் இரு சொற்கள் புணரும்போது மையீறு கெட்டுக் கொடுவாள் என்னும் பண்புத்தொகை அமைகிறது. இங்குக் கொடுமை என்பது வளைவையே குறிக்கும். வளைதலைக் குறிக்கும் கோடுதல் என்னும் வினையும் இதனோடு உறவுடையது. சங்க இலக்கியத்தில் வில் கொடுமரம் எனவும், புலி கொடுவரி எனவும் சுட்டப்படுகின்றன. முன்னது வளைந்த மரம். பின்னது வளைந்த வரிகளையுடையது. கோயிற் கட்டடக்கலையில் வளைந்திறங்கும் கூரை விளிம்பு இன்றும் கொடுங்கை எனப்படுகிறது. ஆவுடையார்கோயில் அதற்குப் புகழ்பெற்றது. இவற்றுள் எதனிலும் கொடூரப் பொருள் இல்லை.

அப்பொருள் தோன்றிய வழியைக் கொடுங்கோல் என்னும் சொல் காட்டுகிறது. நேரான கோல் செங்கோல். வளைந்த கோல் கொடுங்கோல். திருக்குறளில் செங்கோன்மை 55ஆம் அதிகாரமாகவும், கொடுங்கோன்மை 56ஆம் அதிகாரமாகவும் அடுத்தடுத்து அமைந்துள்ளன. கோலின் வளைவு நீதியின் வளைவாகி, நீதி பிறழ்ந்த ஆட்சி தரும் துன்பமாகவும் விரிந்தது. வடிவப்பொருள் முந்தியது, அறப்பொருள் பிந்தியது.

வாள் என்பதும் போர்க்கருவியை மட்டும் குறிப்பதன்று. மரம் அறுக்கும் கருவியும் வாளே. கதிர் அரிவது அரிவாள். மலையாளத்திலும் மரம் அறுப்பது அறக்கவாள். கொடுவாள் என்பது மரம் வெட்டிப் பிளக்கும் கருவி. பாலக்காடு உள்ளிட்ட பகுதிகளின் பகவதி கோயில்களில் வெளிச்சப்பாடு ஏந்தும் வளைந்த வாள் பள்ளிவாள் எனப் போற்றப்படுகிறது. ஒரே வளைவு உழைப்பிலும் வழிபாட்டிலும் போரிலும் பயன்பட்டுள்ளது. கிளையை உள்ளிழுத்து வெட்ட அவ்வளைவு உதவுவதால், அது தொழிலின் தேவையும் ஆகும்.

எனவே உரைகாரரும் அகராதி தொகுப்போரும் கொடுவாளுக்கு வளைந்த வாள் என்பதையே முதற்பொருளாகத் தருதல் தகும். பிற்காலப் பொருளை முற்காலச் சொல்லில் ஏற்றினால், உழைப்பவர் கைக்கருவி பெயரளவிலேயே கொலைக்கருவியாகிவிடும்.